துரைசாணியின் முதுகில் இரண்டு சுழிகள்

ஸ்டூடியோ சாவியை உங்களிடம் கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. இதற்குள் மூன்று முறை தொலைபேசியில் கேட்டுவிட்டீர்கள். கணினியில் 'தொடாதே' என்றொரு போல்டர் இருக்கிறது, உள்ளே மாடும் நாயும் சேவலுமாகப் படங்கள் குவிந்து கிடக்கின்றன, ஹார்ட் டிஸ்க்கில் பாதி இடத்தை அதுவே பிடித்துக்கொண்டிருக்கிறது, அழித்துவிடலாமா மிஸ்?

அழிக்க வேண்டாம். காரணத்தைத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் பாதியில் சிக்னல் போய்விடும். அதனால் எழுதியே தருகிறேன்.

பில்டரை எப்படிப் போடுவது, தூரிகைக் கோட்டை எவ்வளவு நீளமாக வைப்பது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்து செய்ததை நீங்கள் டீ ஆறுவதற்குள் செய்து முடிக்கிறீர்கள். அதில் நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. என்னிடம் இருப்பவை நான் விட்ட பிழைகள். அவற்றையும் நீங்களே புதிதாக விட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் இவை ஏற்கெனவே சோதித்துப் பார்த்தவை.

முதல் பிழை கொழும்பில் விட்டது. ஒரு பத்திரிகையின் படப் பிரிவில் இருந்தேன். பக்கம் அச்சுக்குப் போக அரை மணி நேரம் இருக்கும்போது ஒரு படம் வந்தது. பிரமுகர் ஒருவர் கையெடுத்துக் கும்பிடுகிறார். அவருடைய உச்சந்தலையிலிருந்து ஒரு விளக்குக் கம்பம் முளைத்து வானத்துக்குப் போகிறது. படம் திருத்தும் மென்பொருள் எனக்குக் கைவந்த புதிது. கம்பத்தை அழித்தேன், அந்த இடத்தில் கொஞ்சம் வானத்தை நிரப்பினேன், அனுப்பினேன். பிரமுகர் அழகாக இருந்தார்.

மறுநாள் காலையிலிருந்து அந்த ஊர்க்காரர்கள் தொலைபேசி மேல் தொலைபேசி எடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி: "எங்க கம்பம் எங்கங்க?" பிரமுகர் அங்கே போனதே அந்தத் தெருவின் முதல் விளக்கை ஏற்றி வைக்கத்தான். படத்தின் கீழே, 'புதிய தெருவிளக்கைத் திறந்துவைத்தபோது' என்று வேறு அச்சாகியிருந்தது.

ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. பத்திரிகையை மேசையில் விரித்து, "கம்பத்தக் காட்டுங்க" என்றார். நான் நின்றேன். அவர் வேறு வேலை பார்க்கத் தொடங்கினார். கால் மணி நேரம் கழித்து நிமிர்ந்து, "இன்னும் தேடுறீங்களா?" என்றார்.

அன்றிலிருந்து எந்தப் படத்தைத் திருத்தினாலும் வந்தபடியே ஒரு பிரதியைத் தனியாக வைத்துவிடுவேன். வேலையை விட்டுத் தலவாக்கலைக்கு வந்து பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில் ஸ்டூடியோ போட்ட பிறகும் அப்படித்தான். கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா, பாஸ்போர்ட் படம். அப்புறம் ஒருநாள் ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிளாக்கர் ஒருவர் தன் நாயின் படத்தைக் கொண்டுவந்து, இதை ஓவியம் மாதிரி ஆக்கித் தர முடியுமா என்று கேட்டார். விலங்குகள் நம் கடைக்குள் நுழைந்தது அவருடைய கையைப் பிடித்துக்கொண்டுதான்.

நீர்வண்ணம் போன்ற பில்டரைப் போட்டேன். காதும் வாலும் கரைந்து, பின்னால் தேயிலைச் செடிகள் பச்சைத் தீற்றல்களாகி, எனக்கே பிடித்துப்போனது. கிளாக்கர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"படம் நல்லாத்தான் இருக்கு மிஸ். ஆனா இது நம்ம ஜிம்மி இல்ல. ஜிம்மிக்குத் தெரிஞ்ச யாரோ."

பில்டர் கண்ணையும் கரைத்துவிட்டிருந்தது. கண்ணுக்குள் இருக்கும் அந்த ஒரு வெள்ளைப் புள்ளி போய்விட்டால் எந்த நாயும் பக்கத்து வீட்டு நாய்தான். வந்தபடியே வைத்திருந்த பிரதியிலிருந்து கண் இரண்டையும் எடுத்து மறுபடி பொருத்திக் கொடுத்தேன். கிளாக்கர் பார்த்ததும், "ஆ, வந்துட்டான்" என்றார்.

கண்ணைக் காப்பாற்றினால் போதும், மற்றதெல்லாம் நம் இஷ்டம் என்று அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த முடிவோடுதான் செல்வராணியின் மாட்டிடம் போனேன்.

செல்வராணி திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். கன்றிலிருந்து அவர் வளர்த்த செவலைப் பசு ஒன்று இருந்தது. மேனேஜரைத் துரை என்றும் அவருடைய மனைவியைத் துரைசாணி என்றும் சொல்வது தோட்டத்து வழக்கம். இந்தப் பசு சேற்றைக் கண்டால் நின்றுவிடும். சுற்றிப் போக நல்ல பாதை இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்க்கும். அதனால் அதற்குத் துரைசாணி என்று பெயர்.

அந்த வருடம் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். அன்று காலையில் நடக்கும் கோபூஜைக்குத் துரைசாணியையும் அதன் கன்றையும் கோயில் கமிட்டி தேர்ந்தெடுத்திருந்தது. தேர்வான மாட்டை அது இருக்கும் லயத்து வாசலிலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின் வாசலிலிருந்து, மாலை போட்டு, தப்பு மேளம் அடித்து, ஊரே கூடி அழைத்துப் போவார்கள். லயத்தின் கடைசிக் காம்பராவில், ஒற்றை அறையில், குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு அது சின்ன மரியாதை இல்லை. கமிட்டிக்கு அதோடு திருப்தி வரவில்லை. கோயில் வாசலில் கட்ட இருபதடி பேனர் ஒன்றும் வேண்டும், அதில் மாடு ஓவியமாக இருக்க வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள்.

நானே போய்ப் படம் எடுத்தேன். மாட்டுப்பட்டி லயத்துக்குக் கீழே பள்ளத்தில் இருந்தது. மேலே படிக்கட்டில் நின்று எடுத்ததால் மாட்டின் முழு முதுகும் அதற்கப்பால் இறங்கிப்போகும் தேயிலை வரிசைகளும் ஒரே சட்டத்துக்குள் வந்தன. கடைக்கு வந்து எண்ணெய் வண்ண பில்டரைத் திறந்தேன். ரோமத்தின் மேல் அந்தத் தூரிகை போகும் விதத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொஞ்சமாக வைத்தால் மயிர் மயிராக நிற்கும். அளவைக் கூட்டக் கூட்ட நெளிந்து, வளைந்து, சுருண்டு ஓடத் தொடங்கும். பேனரைத் தூரத்திலிருந்து பார்ப்பார்கள் என்று நான் கடைசி வரைக்கும் கூட்டினேன். கண்ணை மட்டும் பத்திரமாக விட்டுவிட்டேன். மாடு தகதகவென்று எரிந்தது.

அதே வாரம் இன்னும் இரண்டு கோயில்களுக்குப் பேனர் வேலை இருந்தது. கணினி இடமில்லை, இடமில்லை என்று கத்திக்கொண்டிருந்தது. அந்த அவசரத்தில் ஓவியத்தை அசல் படத்தின் மேலேயே சேமித்துவிட்டேன். கமெரா கார்டில் இருக்கும் என்று நினைத்தேன். கார்டை மறுநாள் ஒரு கல்யாணத்துக்காக நானே துடைத்திருந்தேன். அந்தப் படத்தில் மாட்டின் கண்ணைத் தவிர, கமெரா கண்ட எதுவும் எந்த இடத்திலும் மிஞ்சவில்லை. அது எனக்குத் தெரியவும் இல்லை, கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள் காலையில் செல்வராணியின் அழைப்பு வரும்வரை.

"மிஸ், என் மாட்டு மேல என்னத்தப் போட்டீங்க?"

பேனரை அன்று அதிகாலையில்தான் கட்டியிருந்தார்கள். காலையில் நோட்டன் பிரிட்ஜ் பக்கமிருந்து வயதான மாட்டுத் தரகர் ஒருவர் வந்து இறங்கினார். மாட்டைப் பற்றி அவர் சொன்னால் அந்த வட்டாரத்தில் மேல்பேச்சு கிடையாது. கும்பிட்டுவிட்டு பேனரை நிமிர்ந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டாராம். முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சுழிகள்.

மாடு பார்க்கத் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது ரோமச் சுழியைத்தான். எங்கே சுழி இருந்தால் வீட்டுக்கு நல்லது, எங்கே இருந்தால் ஆகாது என்பதற்குப் பெரிய கணக்கே இருக்கிறது. முதுகெலும்பின் இரு பக்கமும் இருப்பதன் பெயர் பாடைச் சுழி. அந்த மாடு நிற்கிற வீட்டிலிருந்து பாடை புறப்படும் என்பது அதன் பொருள். கும்பாபிஷேகத்துக்கு முதல் நாள், கோயில் வாசலில், இருபதடி அகலத்தில்.

"கமிட்டில வேற மாடு பாக்குறாங்க மிஸ். அது கூடப் போகட்டும். எங்க வீட்டுக்காரரு பயந்துட்டாரு. மாட்ட வித்துரணும்னு நிக்கிறாரு. இந்தப் பேரு எடுத்த மாட்ட யாரு மிஸ் வளக்க வாங்குவா? கறிக்குத்தான் போகும். நாளைக்கு லொறி வருதாம்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டு அசல் படத்தைத் தேடினேன். அசல் இல்லை. அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

செல்வராணி முன்பு வாட்ஸ்அப்பில் அனுப்பிய துரைசாணியின் முகப் படம் ஒன்று இருந்தது. போன வருடம் வேறொருவருக்காக எடுத்த இன்னொரு செவலை மாட்டின் முதுகு இருந்தது. இரண்டையும் ஒட்டினேன். பின்னால் தேயிலையை வைத்தேன், வெளிச்சத்தைச் சரிசெய்தேன். பத்தே நிமிடத்தில் சுழியே இல்லாத ஒரு 'அசல்' பிறந்துவிட்டது. நானே செய்திராவிட்டால் நானே நம்பியிருப்பேன். பென் டிரைவில் ஏற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மனதுக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம் இது: மாட்டின் முதுகில் சுழி இல்லை என்பது உண்மை, உண்மைக்குச் சாட்சி காணாமல் போய்விட்டது, நான் அதைத் திரும்பச் செய்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பஸ் தலவாக்கலையைத் தாண்டி மூன்றாவது வளைவில் திரும்பும்போது ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. சுழி இல்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்?

நான் படம் எடுக்கும்போது பார்த்தது கண்ணை. வெளிச்சத்தை. தேயிலை வரிசையை. முதுகைப் பார்த்தேன்தான், ஆனால் சுழி இருக்கிறதா என்று பார்க்கவில்லை. பில்டர் அந்தச் சுழிகளைப் போட்டதா, மாட்டில் இருந்ததையே பெரிதாக்கியதா? தெரியாது. உலகத்தில் அதைச் சொல்லக்கூடிய ஒரே பொருளை நான்தான் அழித்திருந்தேன். ஆசிரியர் பத்திரிகையை விரித்து, "கம்பத்தக் காட்டுங்க" என்பது போலிருந்தது.

போய் இறங்கியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. பேனரின் முன்னால் நின்று தரகரின் கண்ணால் பார்த்தேன். அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு சுழியும் சோற்றுத் தட்டு அளவில் இருந்தன.

மண்டபத்தில் கமிட்டி கூடியிருந்தது. தோட்டத் தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாங்க மிஸ். வந்ததுதான் வந்தீங்க, டீ குடிச்சிட்டுப் போங்க. முடிவெல்லாம் எடுத்தாச்சு. கீழ் டிவிசன்லேருந்து மாடு வருது."

"மாட்டுல சுழி இருக்கான்னு எனக்குத் தெரியாதுங்க. ஆனா அந்தச் சுழிய என் மெசின் போட்டிருக்கலாம்" என்றேன்.

தரகர் பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார். "மெசினு சுழி போடுமாம்மா? சாமி போட்டது அது. நீங்க நல்ல மனசுல அந்தப் புள்ளையக் காப்பாத்தப் பேசுறீங்க, சரி. நான் படத்த மட்டும் பாத்துச் சொல்லல. நேரா பட்டிக்குப் போயி மாட்டையும் பாத்துட்டேன். ரெண்டு பக்கமும் இருக்கு."

தூணோரம் நின்ற செல்வராணி கொழுந்துக் கூடையைக்கூட இன்னும் முதுகிலிருந்து இறக்கியிருக்கவில்லை. "கன்னுக்குட்டியிலேருந்து தேய்ச்சுக் குளிப்பாட்டுறவ நான். எனக்குத் தெரியாத சுழி உங்களுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும். மழையில நனஞ்ச மாட்டு முதுகுல தேடுனா கொழும்பு மேப்புகூடத்தான் தெரியும்!"

"செல்வராணி, பெரியவர்கிட்ட மரியாதையாப் பேசு" என்றார் தலைவர்.

"மரியாதையாத்தாங்க சொல்றேன். கொழும்பு மேப்புன்னுதானே சொன்னேன்."

அவருடைய கணவர் கணேசன் கையில் போனை வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் நின்றார். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா மலையில் போட்ட சத்தத்துக்குக்கூட அசையாத மனிதர் என்று கேள்விப்பட்டிருந்தேன். இரண்டு சுழிக்கு அசைந்துபோயிருந்தார். "வூட்டுல ரெண்டு புள்ளைங்க இருக்கு மிஸ்" என்று மட்டும் சொன்னார்.

அந்த இடத்தில் என் கை கைப்பைக்குள் போனது. பென் டிரைவ் விரலில் பட்டது. எடுத்துக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். தரகரின் முகத்தைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை. தான் கண்டதாக நம்பியதைத்தான் சொன்னார். நான் மட்டும்தான் அந்த மண்டபத்தில் பொய்யை மடித்து வைத்திருந்தேன். கையை வெளியே எடுத்தேன். கமெரா என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. தரகர் பழுப்பு நிறக் கம்பளி ஜேர்சி ஒன்று போட்டிருந்தார், மாட்டு ரோமத்தைப் போலவே புசுபுசுவென்று.

"ஐயா, உங்க முதுக ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா?"

"என் முதுகுல என்னாம்மா இருக்கு?"

"ஒண்ணும் இல்லைன்னு எல்லாரும் ஒரு தடவ பாத்துக்கட்டும்."

அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தோளைக் குலுக்கினார். பெரியவர் எழுந்து, படத்துக்கு நிற்கிறோம் என்பதால் முதுகைக் காட்டிக்கொண்டே தலையை வாரிக்கொண்டார். நான் மண்டபத்துப் படியில் ஏறி, மாட்டை எடுத்த அதே சாய்வில் எடுத்தேன். எடுத்த படத்தை கமெராவிலேயே எல்லோருக்கும் காட்டினேன். ஜேர்சி வெறும் ஜேர்சியாக இருந்தது. தரகரும் பார்த்து, "சுத்தம்" என்றார்.

மடிக்கணினியைத் திறந்தேன். பற்றரியில் உயிர் இல்லை. மண்டபத்தில் இருந்தது ஒரே ஒரு மின் இணைப்பு, அதில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. தலைவர் யோசித்துவிட்டு அதைப் பிடுங்கச் சொன்னார். இதை நான் திட்டமிடவில்லை. கோயில் ஒலிபெருக்கி சட்டென்று நின்றால் தோட்டத்தில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மழையையும் பார்க்காமல் மேல் லயம், கீழ் லயம், கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள், எல்லோரும் என்னவோ ஏதோ என்று மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள்.

மாட்டுக்கு வைத்த அளவுகளைக் கணினி நினைவில் வைத்திருந்தது. படத்தை அழித்தவள் அளவை அழிக்காமல் விட்டிருந்தேன். "மாட்டுக்குப் போட்ட அதேதான், ஒண்ணும் மாத்தல" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன்.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என்ன வரும் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. பில்டர் எங்கே சுருட்டும், எங்கே நேராக விடும் என்பது அதன் விருப்பம். அந்தச் சில நொடிகளில் பென் டிரைவ் கைப்பையில் கனத்தது.

திரையில் ஜேர்சி மெதுவாக உருகியது. நெளிந்தது. கம்பளி நூல்கள் ஓடைகளாகப் பிரிந்து, வளைந்து, அங்கங்கே சுருண்டு நின்றன. தோள்பட்டையில் ஒன்று. இடுப்பருகே ஒன்று. நடு முதுகில், தண்டுவடத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

செல்வராணி கூடையோடு குனிந்து, திரையின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"அண்ணே, ஒங்களுக்கும் இருக்கே பாடைச் சுழி! ஒங்களயும் நாளைக்கு லொறியில ஏத்திரலாமா?"

முதலில் சிரித்தவர் தப்புக்காரர். பிறகு மண்டபமே சிரித்தது. தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார், பிறகு அவரும் துண்டால் வாயை மூடிக்கொண்டார். கணேசன் மட்டும் சிரிக்காமல் தரகரையே பார்த்தார்.

தரகரும் சிரிக்கவில்லை. திரையின் முன்னால் குந்தி உட்கார்ந்து தன் முதுகைப் பார்த்தார். கையைப் பின்னால் வளைத்து ஜேர்சியைத் தடவினார். மறுபடி திரையைப் பார்த்தார். பத்திரிகையில் இருந்த காலத்தில் எத்தனையோ பேர் பிழையை ஒப்புக்கொள்ளாமல் தப்பிக்கும் வழிகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தின் நடுவில் அவருக்கும் இரண்டு மூன்று வழிகள் இருந்தன.

"நான் படத்தப் பாத்துட்டு மாட்டப் பாக்கப் போனேன்" என்றார் கடைசியில். "மாட்டப் பாத்துட்டுல்ல படத்தப் பாத்திருக்கணும். வாங்க. ரெண்டு காஞ்ச சாக்கும் ஒரு தீச்சட்டியும் கொண்டாங்க."

எல்லோரும் பட்டிக்குப் போனோம். துரைசாணி வழியில் இருந்த சேற்றில் எங்கள் கால்கள் புதைவதை வெறுப்போடு பார்த்தது. சாக்கால் அதன் முதுகை ஒற்றி, கணப்பைப் பக்கத்தில் வைத்து, ரோமம் காயும்வரை பெரியவர் காத்திருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். விரல் நுனியால் ரோமத்தின் போக்கிலேயே கழுத்திலிருந்து வால் வரைக்கும் போனார், திரும்பி வந்தார். மறுபக்கமும் அப்படியே. அவருடைய விரல்கள் நின்ற ஒரே இடம் கழுத்து. அங்கே இரண்டு முறை தடவி, கண்ணைத் திறந்தார்.

"முதுகு சுத்தம். கழுத்துல லட்சுமிச் சுழி இருக்கு. நல்ல சுழி, நடுவுல பூ மாதிரி. இத நான் காலையில பாக்கவே இல்ல. பாடையத் தேடிப் போனவன் கண்ணுக்கு லட்சுமி எங்க தெரிவா?" என்னைப் பார்த்துத் திரும்பினார். "ஏம்மா, ஒங்க படத்துல கழுத்துல இது இருந்துச்சா?"

இல்லை. பேனரில் அந்த இடம் வழுவழுவென்று ஓடியிருந்தது. எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

"அப்ப இருக்குற நல்லத அழிச்சிட்டு இல்லாத கெட்டதப் போட்டிருக்கு ஒங்க மெசின். பாத்துப் பொழைங்கம்மா."

ரோமச் சுழியில் லட்சுமி இருக்கிறாளா என்பது என் துறை இல்லை. மாட்டில் இருந்தது படத்தில் இருந்ததா என்பது என் துறை. என் துறையில் என்னைவிட அவர் துல்லியமாக இருந்தார் என்பதை அந்தப் பட்டியில் நின்று ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதைவிடச் சரியானது வேறு இல்லை.

கணேசன் ஓரமாகப் போய் போனில் பேசுவது கேட்டது. "லொறி வேணாங்க... இல்லங்க, மாட்டுக்கு ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கு. படத்துக்குத்தான் நோவு."

புதுப் பேனர் அடிக்க நேரம் இல்லை. கமிட்டி இளைஞர்கள் ஏணி வைத்து ஏறி, சுழிக்கு ஒன்றாக இரண்டு பெரிய காகிதத் தாமரைகளை ஒட்டிவிட்டார்கள். மறுநாள் காலை துரைசாணி மாலையோடும் கன்றோடும் தப்பு அதிரக் கோயிலுக்கு வந்தது. வாசலில் சேறு இருந்தது. நின்றது. இரண்டு பக்கமும் பார்த்தது. ஊரே அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, தலைவர் தன் தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்துச் சேற்றில் விரித்தார். அதன் மேல் காலை வைத்துத் தாண்டியது. மஞ்சள் சேலையில் கயிற்றைப் பிடித்து வந்த செல்வராணி எங்கள் யாரையும் பார்க்கவில்லை. அன்றைக்கு அவர் யாரையும் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அந்தப் பென் டிரைவைப் பற்றிக் கேட்பீர்கள். ஒலிபெருக்கியைப் பிடுங்கத் தலைவர் சம்மதிக்காமல் இருந்திருந்தால், ஜேர்சியில் சுழி விழாமல் போயிருந்தால், எடுத்துக் காட்டியிருப்பேனா? பல முறை யோசித்துவிட்டேன். மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். தெரியாது என்பதே சரியான பதில். அடுத்த வாரம் அதைத் துடைத்து ஒரு பூப்புனித நீராட்டு விழாப் படங்களை ஏற்றிக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு விலங்குப் படம் கொண்டு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, என்ன சைஸ் என்பதை அல்ல. "இதே மாதிரி பத்து நின்னா உங்களுடையதை எதை வச்சுக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்பேன். ஆட்டுக்காரர் காதில் இருக்கும் கிழிசலைச் சொல்வார். சேவல்காரர் கொண்டையின் மூன்றாவது முனையைச் சொல்வார். ஒரு அம்மா தன் பூனையை மீசையில் குறையும் ஒரு மயிரை வைத்துத்தான் அடையாளம் தெரியும் என்றார். அந்த இடத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டுவிட்டு, மிச்சத்தில்தான் பில்டரை மேய விட வேண்டும். வந்த படம் வந்தபடியே 'தொடாதே'யில் இருக்க வேண்டும். இடம் போதவில்லை என்றால் இன்னொரு டிஸ்க் வாங்குங்கள்.

இரண்டு விஷயம் மட்டும் பாக்கி இருக்கிறது. 'தொடாதே'க்குள் மாடுகளுக்கு நடுவே ஒரு கிழவரின் முதுகு இருக்கிறதே, அது யார் என்று கேட்டீர்களே. அவர்தான். ஓவியமான பிரதியைச் சட்டம் போட்டு வாங்கிப்போக மூன்று மாதம் கழித்து நோட்டன் பிரிட்ஜிலிருந்து பஸ் ஏறி வந்தார். முகம் தெரிகிற மாதிரி புதிதாக ஒன்று எடுத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம், அதுவேதான் வேண்டும் என்றார். "சுழிய மட்டும் எடுத்துராதீங்கம்மா. பேரப் புள்ளைங்க நம்ப மாட்டேங்குதுங்க."

பேனரை செல்வராணி கேட்டு வாங்கிப்போய் மாட்டுப்பட்டிக்குக் கூரையாகக் கட்டியிருக்கிறார். போன மழையில் போயிருந்தேன். காகிதத் தாமரைகள் எப்போதோ கரைந்துவிட்டன. படம் உள்பக்கம் பார்த்தபடி இருக்க, அதன் கீழே துரைசாணி ஒரு சொட்டும் படாமல் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"படத்த ஏன் உள்பக்கமாக் கட்டினீங்க?" என்று கேட்டேன்.

"வெளிய தெரிஞ்சா இன்னொரு தரகரு வந்துருவாரு மிஸ்."